மார்ப்பிள் மூதாட்டியைப் படைத்தவர்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பாதிரியார் வாழும் மனை. அம்மனையின் படிப்பறையில், எழுதும் மேசைமீது சாய்ந்தபடி, கர்னல் ஒருவர் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். ஊரார் எவராலும் விரும்பப்படாதவர் அவர். அவர் எழுதத் தொடங்கி முடிக்காத கடிதம் ஒன்று அருகே உள்ளது. மேசைக் கடிகாரம் கவிழ்ந்து, 6.22 என்ற நேரத்தைக் காட்டியபடி நின்றுபோயிருக்கிறது. விரைந்து வந்த காவல் ஆய்வாளர் அந்நேரத்தையே கொலை நடந்த நேரமாகக் குறித்துக்கொள்கிறார். அக்கடிகாரம் எப்போதும் கால்மணி நேரம் முந்தி ஓடும்படி வைக்கப்பட்டது என்பதை வீட்டார் அறிவர். பாதிரியார் அதைச் சொல்ல முற்படுகிறார். ஆய்வாளரோ காதில் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறார்.

பாதிரியார் மனைக்குப் பக்கத்து வீட்டில் தனித்து வாழ்கிறார் ஒரு மூதாட்டி. வெண்ணிறத் தலைமுடி, மென்மையான பேச்சு, கையில் எந்நேரமும் கம்பளி நூற்பின்னல், ஓய்ந்தால் தோட்ட வேலை. அவருடைய தோட்டத்தில் நின்றால் மனைக்குச் செல்லும் பாதை நன்றாகத் தெரியும். யார் எப்போது சென்றார், கையில் என்ன வைத்திருந்தார், எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படாமல் போவதில்லை. ஊரார் அவரை வம்புக்காரக் கிழவி என்று எண்ணுகின்றனர். முடிவில் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்பவர் அவரே. அவர் பெயர் மிஸ் மார்ப்பிள். 'மிஸ்' என்பது திருமணமாகாத பெண்ணின் பெயருக்கு முன் ஆங்கிலேயர் இடும் அடைமொழி. 1930ஆம் ஆண்டு வெளிவந்த இந்தப் புதினத்தின் பெயரைப் 'பாதிரியார் மனையில் கொலை' என்று தமிழில் சொல்லலாம். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்வது நூலைப் படிக்கப் போகிறவர்களுக்குச் செய்யும் துரோகமாகும். இக்கதையை எழுதிய அகதா கிறிஸ்டி அம்மையாரின் வாழ்க்கையே இப்பாடம்.

அகதா 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில், டார்க்கீ என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். தந்தை ஃபிரெடெரிக் மில்லர் அமெரிக்கர், தாயார் கிளாரா. அக்காள் மேட்ஜும் அண்ணன் மான்ட்டியும் அகதாவைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவர்கள். ஆதலால், ஆஷ்ஃபீல்டு என்ற பெரிய வீட்டின் தோட்டத்தில் சிறுமி அகதா பெரும்பாலும் தனியாகவே விளையாடினார். கற்பனைத் தோழிகள் பலரை உருவாக்கிக்கொண்டு அவர்களோடு பேசிப் பொழுதைப் போக்கினார்.

தாயார் கிளாராவிடம் ஒரு விந்தையான கொள்கை இருந்தது. எட்டு வயது நிரம்பும்வரை குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று அவர் நம்பினார். மகளோ பொறுத்திருக்கவில்லை. தமக்குப் படித்துக் காட்டப்பட்ட கதைகளின் சொற்களை உற்றுப் பார்த்து, இது என்ன சொல், அது என்ன சொல் என்று கேட்டுக் கேட்டு, ஐந்து வயதளவில் தாமாகவே படிக்கத் தொடங்கிவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்காமல் சொல்லின் உருவத்தைக் கண்டே படித்ததனால், எழுத்துப்பிழை மட்டும் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. எண்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவருக்கு எழுத்துப்பிழை ஒரு தீராத தொல்லையாக இருந்தது என்பது மாணவர்களுக்குச் சற்று ஆறுதல் தரக்கூடும்.

அக்காலத்தில் அவருக்கு அடிக்கடி ஒரு கெட்ட கனவு வரும். கனவில் 'துப்பாக்கி மனிதன்' ஒருவன் தோன்றுவான். அவன் சுடவும் மாட்டான், மிரட்டவும் மாட்டான். குடும்பத்தார் கூடித் தேநீர் அருந்தும்போது, எதிரே இருப்பவர் தாயாராகவோ தோழியாகவோ தெரிவார். திடீரென அந்த முகத்தில் வெளிர்நீலக் கண்கள் தெரியும். அன்புக்குரியவரின் உருவில் அவன் வந்து அமர்ந்திருப்பான். நாள்தோறும் பழகும் முகத்துக்குப் பின்னால் அறியாத ஒருவர் இருக்கக்கூடும் என்ற அந்த அச்சம், பின்னாளில் அவருடைய கதைகள் பலவற்றிலும் வேறு வடிவில் தலைகாட்டியது.

தந்தையின் செல்வம் சிறிது சிறிதாகக் கரைந்தது. 1901ஆம் ஆண்டு அவர் காலமானபோது அகதாவுக்கு வயது பதினொன்று. வருவாய் சுருங்கிய அவ்வீட்டில் தாயும் இளைய மகளுமாக நாள்கள் கழிந்தன. ஈலிங் என்ற ஊரில் தந்தையின் மாற்றாந்தாயான பாட்டி ஒருவர் இருந்தார். அகதா அவரிடம் சென்று தங்குவதுண்டு. அந்தப் பாட்டி இனிமையானவர். ஆயினும், எவரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பார். வியப்பு என்னவென்றால், அவர் எதிர்பார்த்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிறர்மீது வெறுப்புக் கொண்டு அவர் அவ்வாறு எண்ணவில்லை. மனிதர் இயல்பை நெடுநாள் பார்த்துப் பழகியதன் விளைவு அது. மார்ப்பிள் மூதாட்டியிடம் இப்பாட்டியின் சாயல் சிறிது உண்டு.

அகதா பாரிசுக்குச் சென்று இசை பயின்றார். பியானோ நன்றாக வாசிப்பார். எனினும், பலர் முன்னிலையில் அமர்ந்தால் கை நடுங்கும் கூச்சம் அவரை மேடை ஏறவிடவில்லை. கதைகள் எழுதிப் பார்த்தார். அவை திரும்பி வந்தன. ஒருநாள் அக்காள் மேட்ஜுடன் துப்பறியும் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தாமும் ஒன்று எழுத விரும்புவதாகச் சொன்னார். அது அவரால் இயலாது என்று மேட்ஜ் அடித்துச் சொல்லிவிட்டார். அச்சொல் அவர் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முதல்நாள், விமானப் படைப்பிரிவில் பணியாற்றிய ஆர்ச்சிபால்டு கிறிஸ்டி என்பவரை அகதா மணந்தார். கணவர் போர்முனைக்குத் திரும்பினார். அகதா டார்க்கீயில் போர்வீரர்களுக்கான மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்து செவிலியர் பணி செய்தார். பின்பு மருந்துப் பிரிவுக்கு மாறினார். அந்நாளில் மருந்துகள் ஆயத்த மாத்திரைகளாக வருவதில்லை. பொடிகளையும் திரவங்களையும் நிறுத்தும் அளந்தும் கையால் கலக்க வேண்டும். சிறு அளவில் உயிர் காக்கும் மருந்து, அளவு மிஞ்சினால் உயிர் குடிக்கும் நஞ்சாகும். சுற்றிலும் நஞ்சுக் குப்பிகள் அடுக்கியிருந்த அந்த அறையில்தான், வேலை குறைந்த நேரங்களில், நஞ்சை வைத்து ஒரு கதை எழுதலாமே என்று அவருக்குத் தோன்றியது.

மருந்தாளர் தேர்வு எழுதுவதற்காக அந்நகரின் அனுபவம் மிக்க மருந்தாளர் ஒருவரிடம் அவர் பயிற்சி பெற்றார். ஒருநாள் அம்மருந்தாளர் மருந்தை உருக்கி அச்சில் வார்த்துக் காட்டினார். அகதா மனத்துக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தார். தசமப்புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருந்தது! மருந்தின் அளவு பத்து மடங்காகியிருந்தது. தவறு என்று எடுத்துச் சொன்னால், தம் திறமையில் பெருமிதம் கொண்ட அந்த மனிதர் ஒரு பயிற்சிப் பெண்ணின் சொல்லை ஏற்கப் போவதில்லை. சொல்லாமல் விட்டாலோ ஒரு நோயாளியின் உயிருக்கே கேடு வரலாம். அகதா கால் இடறியதுபோல் பாவனை செய்து, மருந்துத் தட்டைக் கவிழ்த்து, கீழே விழுந்தவற்றைக் காலால் மிதித்தும் விட்டார். பிறகு மிகுந்த பணிவோடு மன்னிப்புக் கேட்டார். மருந்தாளர் புதிதாக மருந்து வார்க்க வேண்டியதாயிற்று. தடுமாறும் பெண் என்று தம்மைப் பிறர் எண்ணினால் எண்ணட்டும் என்று விட்டு, நடக்க வேண்டியதை நடத்திக்கொள்ளும் இந்த வழியையே பின்னாளில் மார்ப்பிள் மூதாட்டியும் கையாளுகிறார்.

அதே மருந்தாளர் மற்றொரு நாள் தம் சட்டைப்பையிலிருந்து கருநிறக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் கொடிய நஞ்சு அது. அதை உடன் வைத்திருப்பது தமக்கு வலிமை உடையவன் என்ற உணர்வைத் தருவதாக அவர் சொன்னார். சாதாரணமாகத் தோன்றும் அம்மனிதரின் உள்ளே இருந்ததை அன்று அகதா ஒரு கணம் கண்டார். அம்முகத்தை அவர் மறக்கவில்லை.

மருந்தாளர் தேர்வில் 1917ஆம் ஆண்டு அகதா தேறினார். அதற்கு முந்திய ஆண்டே தம் முதல் துப்பறியும் புதினத்தை எழுதி முடித்திருந்தார். போருக்குத் தப்பி டார்க்கீ நகரில் தஞ்சம் புகுந்த பெல்ஜியம் நாட்டு அகதிகளைக் கண்டவர், அவர்களுள் ஒருவராக எர்க்யூல் பொய்ரோ என்ற துப்பறிவாளரை அதில் படைத்தார். பதிப்பகங்கள் பலவும் அதனைத் திருப்பி அனுப்பின. ஒருவழியாக 1920இல் 'ஸ்டைல்ஸ் மாளிகை மர்மம்' அச்சேறியது. அதனால் அவருக்குக் கிடைத்தது 25 பவுண்டு மட்டுமே. ஆனால், அந்நூலில் நஞ்சு பற்றிய செய்திகள் பிழையின்றி அமைந்திருப்பதாக மருந்தியல் இதழ் ஒன்று பாராட்டியதில் அவர் பெரிதும் மகிழ்ந்தார். அந்தப் பாராட்டின் அருமை மருந்து அறையில் வேலை பார்த்தவருக்கே தெரியும்.

புகழ் வளர்ந்தது. மகள் ரோசலிண்டு பிறந்தாள். 1926ஆம் ஆண்டு 'ரோஜர் அக்ராய்டு கொலை' என்ற புதினம் வாசகர்களைத் திகைக்க வைத்தது. அதே ஆண்டில்தான் துயரமும் வந்தது. ஏப்ரலில் தாயார் இறந்தார். சில மாதங்களில், வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லிக் கணவர் மணவிலக்குக் கேட்டார். டிசம்பர் 3ஆம் நாள் இரவு அகதா வீட்டைவிட்டு வெளியேறினார். மறுநாள் அவருடைய கார் தனியே நின்றது. நாடெங்கும் செய்தி பரவியது. காவலரும் தொண்டருமாகப் பெருங்கூட்டம் தேடியது. பதினொரு நாள் கழித்து, வடக்கே ஹாரோகேட் நகரின் விடுதி ஒன்றில், வேறு பெயரில் தங்கியிருந்த நிலையில் அவர் கண்டறியப்பட்டார். அந்நாள்களைப் பற்றிப் பிறர் எழுதிய ஊகங்கள் ஏராளம். தம் தன்வரலாற்றில் அவர் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்த மௌனத்தை மதித்து மேலே செல்வதே தகும்.

அதுவரை விருப்பத்துக்காக எழுதியவர், இனிப் பொருளுக்காகவும் எழுத வேண்டியவரானார். சிறு மகளைக் காக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. எழுத மனம் இல்லாத நாளிலும், எழுதுவது தமக்கே பிடிக்காத நிலையிலும், அமர்ந்து எழுதி முடிக்கப் பழகினார். தாம் தொழில்முறை எழுத்தாளராக மாறியது அப்போதுதான் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

மிஸ் மார்ப்பிள் தோன்றியதும் இக்காலத்திலேயே. 'ரோஜர் அக்ராய்டு கொலை'யில் மருத்துவரின் தமக்கையாகக் கேரலைன் என்ற பெண் வருகிறார். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச்செய்தி முழுவதையும் அறிந்து வைத்திருப்பவர் அவர். அப்பாத்திரம் அகதாவுக்கு மிகவும் பிடித்தமானது. அப்புதினம் மேடை நாடகமானபோது, கேரலைனை நீக்கிவிட்டு அழகிய இளம்பெண் ஒருத்தியைப் புகுத்தினர். வயது முதிர்ந்த, மணமாகாத பெண்ணைப் பார்க்க எவர் வருவார் என்பது நாடகக்காரர்களின் எண்ணம் போலும்! அகதாவுக்கு அது பெரும் வருத்தமாயிற்று. அந்தக் கேரலைனிடமிருந்தே மார்ப்பிள் உருவாகியிருக்கக்கூடும் என்று அவர் கருதினார். 'மார்ப்பிள்' என்பது வட இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கிருந்த பழைய மாளிகையில் பொருள்கள் விற்பனைக்கு வந்தபோது சென்று, இரண்டு கருவாலி மர நாற்காலிகளையும் இப்பெயரையும் அவர் கொண்டுவந்தார்.

1927 டிசம்பரில் இதழ் ஒன்றில் வெளியான சிறுகதையில் மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக வந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் ஒரு சிறு குழுவினர், விடை தெரியாத குற்றங்களை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி ஆராய்கின்றனர். அவர்களுள் ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், ஒரு வழக்கறிஞர், ஸ்காட்லாந்து யார்டு காவல்துறையின் முன்னாள் தலைவர் ஆகியோர் உள்ளனர். மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் மார்ப்பிள் கணக்கில் சேர்த்தியே இல்லை. தாமும் ஒரு மர்மம் சொல்வதாக அவர் தொடங்குவது, கடையில் வாங்கிய கூனி இறால் காணாமற்போன கதை! மற்றவர்களுக்குச் சிரிப்பு. ஆனால், அன்று சொல்லப்பட்ட கொலையின் விடையைக் கண்டவர் அவர் ஒருவரே.

அவருடைய முறை எளியது. செயின்ட் மேரி மீட் என்பது அவர் வாழும் கற்பனைச் சிற்றூர். அங்கே அவர் கண்ட பணிப்பெண், இறைச்சிக்கடைக்காரர், பொய் சொன்ன சிறுவன் ஆகியோரை நினைவில் வைத்துக்கொள்வார். கொலை வழக்கில் சிக்கிய ஒருவரைப் பார்த்ததும், இவர் அந்தச் சிறுவனைப் போன்றவர் என்று அவர் மனம் இணைத்துவிடும். ஊர் சிறிதாயினும் அதிலுள்ள மனித இயல்பு சிறியதன்று. தவிரவும், முதிய பெண் ஒருவர் அருகில் இருக்கிறார் என்பதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. காவலருக்குக் கதவைத் திறக்காத பணிப்பெண்கள்கூட இவரிடம் மனம் திறந்து பேசுவர்.

1957இல் வந்த கதையொன்றில், ரயிலில் செல்லும் மூதாட்டி ஒருவர், இணையாக ஓடிய மற்றொரு ரயிலின் சன்னல் வழியே ஒரு கொலை நிகழ்வதைக் கண்டுவிடுகிறார். தேடிப் பார்த்ததில் உடல் கிடைக்கவில்லை. வயதானவர் கண்ட கனவு என்று அதிகாரிகள் ஒதுக்குகின்றனர். நம்புகிறவர் தோழியான மார்ப்பிள் மட்டுமே. தம் தோழி இல்லாததைச் சொல்கிறவர் அல்லர் என்பதே அவருக்குப் போதிய சான்று. அலைந்து திரிய உடலில் வலுவில்லாத நிலையில், கெட்டிக்காரப் பெண் ஒருத்தியை வேலைக்கு அமர்த்தி உண்மையைத் தேடுகிறார்.

பன்னிரண்டு புதினங்களிலும் இருபது சிறுகதைகளிலும் மிஸ் மார்ப்பிள் வருகிறார். தொடக்கத்திலேயே முதியவராக இருந்தவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்ததால், கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். இக்கணக்கைக் கதைக்குள் கொண்டுவராதிருப்பதே நல்லது. ஆனால், காலம் மாறுவதை அம்மையார் மறைக்கவில்லை. 1962இல் வந்த புதினத்தில் ஊரின் ஓரத்தில் புதுக் குடியிருப்பு எழுந்துவிடுகிறது. பழைய கடைகள் போய்ப் பல்பொருள் அங்காடி வருகிறது. மார்ப்பிளின் கண்பார்வை மங்கிப் பின்னலில் கண்ணி தவறுகிறது. மருத்துவர் தோட்ட வேலையைத் தடுத்துவிடுகிறார். பொய்ரோவிடம் சலிப்புற்ற அகதா, இம்மூதாட்டியிடம் இறுதிவரை சலிப்படையவில்லை.

மணவிலக்குப் பெற்ற 1928ஆம் ஆண்டில், தனியாகவே ரயிலேறி அம்மையார் ஈராக்குக்குச் சென்றார். தனித்துப் பயணம் செய்யத் துணிந்தது அவருக்கு ஒரு புதுவாழ்வைத் திறந்தது. பழம்பெரும் நகரமான உர் அகழ்வாய்வு நடந்த இடத்துக்கு இரண்டாம் முறை சென்றபோது, தம்மைவிடப் பதினான்கு வயது இளையவரான மேக்ஸ் மாலோவன் என்ற தொல்லியலாளரைச் சந்தித்தார். 1930 செப்டம்பரில் இருவரும் மணந்துகொண்டனர். அதன்பின் பல ஆண்டுகள் சிரியாவிலும் ஈராக்கிலும் அகழ்வாய்வுக் கூடாரங்களில் கழிந்தன. நிம்ருட் என்னுமிடத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து, ஏறத்தாழ 2700 ஆண்டுகளுக்கு முற்பட்ட தந்தச் சிற்பங்கள் கிடைத்தன. அவற்றின் நுண்ணிய இடுக்குகளில் படிந்த அழுக்கை அகதா தம் முகப்பூச்சுக் களிம்பையும் மெல்லிய பின்னல் ஊசியையும் கொண்டு நீக்கினார். பின்னல் ஊசியின் பயனை அறிந்தவர் மார்ப்பிள் மட்டுமல்லர்.

இரண்டாம் உலகப்போரின்போது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மீண்டும் மருந்துப் பிரிவில் பணி செய்தார். குண்டுகள் விழுந்த அந்நாள்களில், தாம் இறந்தபின் வெளியிடுவதற்கென்று மார்ப்பிள் கதையொன்றை எழுதிக் கணவர் பெயருக்கு உரிமையாக்கிப் பூட்டி வைத்தார். உலகப் புகழ் பெற்ற பின்னும், படிவங்களில் தொழில் என்ற இடத்தில் திருமணமானவர் என்றே அவர் எழுதி வந்தார். கதைக் குறிப்புகளைச் சாதாரணப் பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதுவார். ஒரு பக்கத்தில் நஞ்சு, மறுபக்கத்தில் வீட்டுக்கு வாங்க வேண்டிய பொருள்கள். அத்தகைய ஏடுகள் எழுபத்து மூன்று இன்றும் உள்ளன. கதைத்திட்டம் போடப் பாத்திரம் துலக்கும் நேரமே ஏற்றது என்பது அவர் கருத்து. 1952இல் லண்டனில் மேடையேறிய அவருடைய 'எலிப்பொறி' நாடகம், 2020இல் கொள்ளைநோய் அரங்குகளை மூடவைக்கும்வரை இடைவிடாது நடந்தது.

1961இல் 'வெளிறிய குதிரை' என்ற புதினம் வந்தது. அதில் மிஸ் மார்ப்பிள் இல்லை. ஆனால், நஞ்சைச் சட்டைப்பையில் சுமந்த அந்த டார்க்கீ மருந்தாளர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் பின் அதில் ஒரு பாத்திரமாக உருவெடுத்தார். தாலியம் என்ற உலோக நஞ்சு உடலில் புகுந்தால் என்னென்ன நேரும், தலைமுடி எவ்வாறு கொத்துக் கொத்தாக உதிரும் என்பதையெல்லாம் அகதா அக்கதையில் நுணுக்கமாக எழுதியிருந்தார்.

1971இல் பிரித்தானிய அரசு அவருக்கு 'டேம்' என்னும் உயர்பட்டம் வழங்கியது. 1976ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், தம் எண்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். பூட்டி வைத்த மார்ப்பிள் கதை அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, இரண்டு வயதும் நிரம்பாத ஒரு குழந்தையைக் கத்தார் நாட்டிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். நோய் இன்னதென்று மருத்துவர்களுக்கு விளங்கவில்லை. குழந்தையின் நிலை நாளுக்கு நாள் மோசமாயிற்று. படுக்கையருகே பணியிலிருந்த செவிலியர் ஒருவர் அப்போது 'வெளிறிய குதிரை'யைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் தலைமுடி உதிரத் தொடங்கியதைக் கண்டதும் அவர் மருத்துவர்களிடம் சென்று, இது தாலியம் நஞ்சாக இருக்கலாம் என்று சொன்னார். அவர்கள் அச்சொல்லைத் தள்ளிவிடவில்லை, சோதித்துப் பார்த்தனர். குழந்தையின் உடலில் தாலியம் இருந்தது. வீட்டில் கரப்பான்பூச்சியையும் எலியையும் ஒழிக்கப் பயன்படுத்திய மருந்திலிருந்து அது உடலில் சேர்ந்திருக்க வேண்டும் எனத் தெரியவந்தது. உரிய சிகிச்சைக்குப் பின் குழந்தை தேறியது.